முன்னூறு பாட்டு எதிராளிக்கு



பொங்கல் முடிஞ்சு பத்து நாள் ஆச்சு. கடலைக்குக் களை வெட்டி மண் அணைச்சாச்சு. இனிமே கொஞ்ச நாளைக்குத் தண்ணி பாய்ச்சுறதுதான் வேலை. அதனால எழுத உட்கார்ந்தேன்.

பொங்கலுக்கு மகன் சென்னையிலேருந்து வந்திருந்தான். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு மத்தியானம், மாட்டைக் குளிப்பாட்டிக் கட்டிட்டு, திண்ணையில சிவஞான சித்தியாரைப் பிரிச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல வந்து உட்கார்ந்தவன் புத்தகத்தை வாங்கி ரெண்டு பக்கம் புரட்டினான்.

“எதுக்குப்பா இதைப் போய் இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கிறீங்க? என்ன சொல்லியிருக்குன்னு போன்ல கேட்டா ரெண்டு நிமிசத்துல சொல்லிடுமே.”

“கேளு, பார்ப்போம்”னேன்.

கேட்டான். போன் பத்து வரி சொல்லுச்சு. எழுதினவர் அருணந்தி சிவாசாரியார், 13ஆம் நூற்றாண்டு, சைவ சித்தாந்த நூல், பதி பசு பாசம் மூணையும் விளக்குது, பிற மதங்களின் கொள்கைகளை மறுக்குது. இவ்வளவுதான். குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

“கடைசியா ஒரு வரி சொல்லுச்சே, மத்த மதங்களை மறுக்குதுன்னு. அந்த ஒரு வரி இங்க முன்னூத்தி ஒரு பாட்டு”ன்னு புத்தகத்தைக் காட்டினேன். சிரிச்சுக்கிட்டே சாப்பிடப் போயிட்டான். மறுநாள் பஸ் ஏறிட்டான். நான் சொல்ல வேண்டியதைச் சரியாச் சொல்லலைங்கிற குறை எனக்கு இருந்துக்கிட்டே இருக்கு. இதே கேள்வியை டவுன்ல இருக்கிற நண்பர்கள் சிலபேரும் கேட்டிருக்காங்க. “நீங்க விவசாயி, மண்ணைப் பத்தி எழுதுங்க, தத்துவமெல்லாம் எதுக்கு”ன்னு ஒருத்தர் நேராவே கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இது.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடுறேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். எனக்கு ரெண்டேகால் ஏக்கர், செம்மண். கறம்பக்குடிக்குத் தெற்கே. தமிழ்ல இலக்கணம் கேட்டா திணறுவேன். எனக்குப் பாடம் சொன்ன தமிழய்யா ஒருத்தர் வயசான காலத்துல கோயம்புத்தூர்ல மகன் வீட்டோட போய் இருக்கக் கிளம்பினப்போ, ரெண்டு சாக்கு நிறையப் புத்தகத்தை என் டிவிஎஸ் பிப்டியில ஏத்தி விட்டார். “எடைக்குப் போட மனசு வரலடா. நீ படிக்காட்டியும் பரவாயில்லை, கரையான் இல்லாத இடத்துல வை”ன்னார். பரண்ல வச்சேன். பல வருசம் தொடலை. 2020 ஊரடங்கு வந்து, பூவையும் காயையும் பறிச்சு யார்கிட்ட கொடுக்கிறதுன்னு தெரியாம உட்கார்ந்திருந்தப்பத்தான் சாக்கைப் பிரிச்சேன். மணிமேகலை, நீலகேசி, சித்தியார், கைவல்ய நவநீதம் எல்லாம் அதுல இருந்துச்சு. ரெண்டு புத்தகத்துக்கு அட்டை இல்லை. நீலகேசியில ஓரமெல்லாம் பூச்சி தின்னிருந்துச்சு.

பழைய புத்தகத்தை ஏன் படிக்கணும்னு கேட்டா வழக்கமா ரெண்டு பதில் வரும். ரெண்டும் எனக்கு ஒத்து வரலை. “இன்னைக்கு வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதை எல்லாம் நம்ம முன்னோர் அப்பவே சொல்லிட்டாங்க”ங்கிறது ஒண்ணு. தினம் காலையில வாட்ஸப்புல நாலு வருது. அப்படி எல்லாம் இல்லைங்க. கடலையில வர்ற டிக்கா இலைப்புள்ளிக்கு மணிமேகலையில மருந்து இல்லை, இருக்கணும்னு அவசியமும் இல்லை. இன்னொண்ணு, “மனசுக்கு அமைதி கிடைக்கும்”. எனக்குக் கிடைக்கலை. ராத்திரி பாதிப் பாட்டுல புரியாம நின்னுட்டா தூக்கம்தான் போகுது. அமைதி வேணும்னா வாய்க்கால்ல தண்ணி போற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு வரப்புல உட்காரலாம், காசு இல்லை.

எனக்குக் கிடைச்சது வேற. சித்தியார் எப்படி அடுக்கியிருக்குன்னு சொன்னா அது புரியும். அந்த நூல் ரெண்டு பாகம். முதல் பாகத்துக்குப் பேரு பரபக்கம். பரன்னா பிறர், அடுத்தவங்க பக்கம். ரெண்டாவது பாகம் சுபக்கம், நம்ம பக்கம். அருணந்தியார் தன் பக்கத்தைச் சொல்றதுக்கு முன்னாடி பதினாலு எதிராளிகளைக் கூப்பிட்டு உட்கார வச்சிருக்கார். கண்ணுக்குத் தெரியுறது மட்டும்தான் உண்மைங்கிற உலகாயதன்லேருந்து ஆரம்பிச்சு, பௌத்தத்துல நாலு பிரிவு, சமணர், ஆசீவகர், மாயாவாதி, பாஞ்சராத்திரின்னு வரிசையா வர்றாங்க. ஒவ்வொருத்தர் முறை வரும்போதும் முதல்ல அந்த ஆள் தன் கட்சியைச் சொல்றான். அதை முழுசாச் சொல்ல விட்டுத்தான் மறுப்பு வருது. உலகாயதன் பேசுறதைப் படிச்சா, நம்ம டீக்கடையில சாமி இல்லைன்னு பேசுற ஆளு மாதிரியே தெளிவாப் பேசுறான். நான் சாமி கும்பிடுறவன்தான். ஆனா சில இடத்துல “இவன் சொல்றதும் சரிதானே”ன்னு தோணுச்சு. அப்படித் தோணுற அளவுக்கு எதிராளியைப் பேச விட்டிருக்கார், சைவத்துக்காக நூல் எழுதின ஒரு மனுசர்.

அவரைப் பத்திச் சொல்ற கதை ஒண்ணு. அருணந்தி பெரிய பண்டிதர், சகலாகம பண்டிதர்னு பட்டம். திருவெண்ணெய்நல்லூர்ல மெய்கண்டார்னு வயசுல ரொம்பச் சின்னவர் பாடம் சொல்றார்னு கேள்விப்பட்டு, சோதிக்கப் போனாராம். போய் நின்னுக்கிட்டே, “ஆணவம் எப்படி இருக்கும்?”னு கேட்டாராம். மெய்கண்டார் வாயைத் திறக்கலை. நிக்கிறவரையே விரலால சுட்டிக் காட்டினாராம். அந்த இடத்துலயே சீடனாயிட்டார். நடந்ததோ இல்லையோ, இந்தக் கதையைத் தாங்கிக்கிட்ட ஆளுதான் முன்னூறு பாட்டை எதிராளிக்கு ஒதுக்க முடியும்னு எனக்குத் தோணுது.

மணிமேகலை இன்னும் சுவாரசியம். அந்தப் பொண்ணு வஞ்சி நகரத்துக்குப் போய் ஒவ்வொரு சமயத்துக்காரன்கிட்டயும் “உன் கொள்கை என்ன”ன்னு கேட்டுக்கிட்டே போவாள். பொண்ணுன்னா சொல்லித்தர மாட்டாங்கன்னு ஆண் துறவி வேசம் போட்டுக்கிட்டுப் போறா. அதுல பூதவாதின்னு ஒருத்தன் வருவான். உயிர்னு தனியா ஒண்ணும் கிடையாது, தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்து ஊற வச்சா போதை தானா வர்ற மாதிரி, பூதங்கள் கூடுறப்ப உணர்வு வருதுங்கிறது அவன் வாதம்.

இதைப் படிச்ச மறுநாள் காலையில அமுதக்கரைசல் கலக்கப் போனேன். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், பசுஞ்சாணி, கோமியம், கொஞ்சம் வெல்லம், தண்ணி, இதைக் கரைச்சு ஒரு நாள் மூடி வச்சா மறுநாள் பொங்கி நுரைச்சு நிக்கும். பயிருக்குத் தெளிக்கலாம், தண்ணியோட விடலாம். மூடியைத் திறந்தா புஸ்ஸுன்னு நுரை. நேத்து செத்த சாணியும் செத்த வெல்லமுமா இருந்தது இன்னைக்குக் கொதிக்குது. அட, பூதவாதி சொன்னது இதுதானேன்னு நின்னுட்டேன். அதுல நுண்ணுயிர் இருக்குன்னு வேளாண்மை ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க, தெரியும். இருந்தாலும், அந்தக் காலத்துல ஒரு ஆளு ஒரு சட்டியில நுரையைப் பார்த்துட்டு உயிர்னா என்னன்னு யோசிச்சிருக்கான். அவன் கட்சியை ஏத்துக்காத பௌத்த நூல் ஒண்ணு அதைப் பத்திரமா எழுதி வச்சிருக்கு. பதினஞ்சு வருசமா கரைசல் கலக்கிறேன், எனக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லை.

நீலகேசிக்கு வர்றேன். நீலிக்கண்ணீர்னு சொல்றோமே, அந்தப் பழையனூர் நீலி கதையை ஒட்டித்தான் இது தொடங்குது. பேயா இருந்தவள் ஒரு சமண முனிவரைப் பயமுறுத்தப் போய், அவர்கிட்ட பாடம் கேட்டு, அப்புறம் ஊர் ஊரா வாதம் பண்ணக் கிளம்பிடுறா. அவள் முதல்ல வாதம் பண்றது குண்டலகேசிங்கிற பௌத்தப் பெண்கிட்ட. குண்டலகேசியும் ஒரு காப்பியம். ஐம்பெருங்காப்பியத்துல ஒண்ணு. ஆனா அந்த நூல் போயிடுச்சு. கிடைச்சது மொத்தம் பத்தொன்பது பாட்டுதான். குண்டலகேசி என்ன வாதம் பண்ணினான்னு இன்னைக்கு நமக்குத் தெரியுதுன்னா, அதுக்குப் பெரும்பங்கு காரணம் நீலகேசியும் அதுக்கு வாமன முனிவர் எழுதின உரையும்தான். அதாவது, மறுக்கிறதுக்காக எழுதின புத்தகத்துக்குள்ளதான் மறுக்கப்பட்டவளோட குரல் மிச்சமிருக்கு. சொந்தக்காரங்க தொலைச்சதை எதிராளி காப்பாத்தியிருக்கார்.

இந்த இடத்தை முதல்ல படிச்சப்ப புத்தகத்தை மூடி வச்சுட்டேன். என்னை வேற எங்கேயோ குத்துச்சு. அதைக் கடைசியில சொல்றேன்.

இந்த வழக்கம் நூலோட நிக்கலை, ஆட்கள்கிட்டயும் இருந்துச்சு. உ.வே.சாமிநாதையர் சைவ மடத்துல படிச்சவர். 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்சார், அது சமண நூல். கும்பகோணத்துல இருந்த சமணர்கள்கிட்ட போய் உட்கார்ந்து பாடம் கேட்டுத்தான் பதிப்பிச்சார். அப்புறம் 1898ல் மணிமேகலை. அதுக்குப் பௌத்தம் தெரியணுமே, இங்க சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. ரங்காசாரியார்னு ஒரு வைணவர் இங்கிலீஷ் புத்தகங்களைப் படிச்சு அவருக்கு விளக்கிச் சொன்னார். சைவரும் வைணவரும் உட்கார்ந்து பௌத்த நூலுக்கு மாரடிச்சிருக்காங்க. நான் படிக்கிற மணிமேகலை உரைக்காரர்கள்ல ஒருத்தர் ந.மு.வேங்கடசாமி நாட்டார். நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் நடுக்காவேரிக்காரர், விவசாயக் குடும்பம், பெரும்பாலும் தானாவே படிச்சுப் பண்டிதர் ஆனவர். அவர் பேரை அட்டையில பார்த்தா எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

எங்க மாவட்டத்துலயே சித்தன்னவாசல் இருக்கு. டவுன்லேருந்து வர்றவங்க ஓவியத்தைப் பார்த்துட்டு, செல்பி எடுத்துட்டுப் போயிடுறாங்க. அடுத்த தடவை வந்தா ஏழடிப்பட்டம் ஏறுங்க. மலைச் சரிவுல ஒரு குகை, உள்ளே சமண முனிவர்களுக்காக வெட்டின பதினேழு கல்படுக்கை. தலை வைக்கிற இடத்துல கல்லையே மேடாக்கித் தலையணை. அந்தக் கல்லுல படுத்துப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும், ஒரு கருத்துக்காக மனுசன் எவ்வளவு தூரம் போயிருக்கான்னு.

இதுல எல்லாம் நல்லதுதான்னு நான் சொல்ல வரலை. எதிராளியை முழுசாப் பேச விட்டாங்கன்னு சொல்றோம், ஆனா அவன் பேச்சையும் எழுதினது ஜெயிச்சவன்தானே? அவன் வாயில பலவீனமான வாதத்தை வச்சிருக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்? சில இடத்துல அப்படித்தான் தெரியுது. நீலகேசி சில பேரைக் கிண்டலும் கேலியுமாப் பேசுறது எனக்கு ரசிக்கலை. வாதத்துல தோத்தவங்களைக் கழுவுல ஏத்தினதாவும் நம்ம நாட்டுல கதை இருக்கு, அதைத் திருவிழாவாவும் நடத்தியிருக்கோம். அதை மறைச்சுட்டு “நம்ம முன்னோர் எவ்வளவு பெருந்தன்மை”ன்னு பேசக் கூடாது. சாதியும் இருக்கு, பொண்ணைத் தாழ்த்துற பேச்சும் இருக்கு. மணிமேகலை வேசம் போட வேண்டி வந்ததே அதனாலதானே. படிக்கும்போது இதையும் பார்த்துக்கிட்டேதான் படிக்கணும். புத்தகம்னதும் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஆரம்பிச்சா ஒண்ணும் ஏறாது.

ஆனா இன்னைக்கு நிலைமை என்ன? எங்க ஊர் டீக்கடையில முன்ன ஒரு பேப்பர் வரும். அதையே நாலு கட்சிக்காரனும் படிச்சுட்டுச் சண்டை போடுவான். இப்ப ஆளுக்கொரு போன். அவனவன் போன்ல அவனவன் கட்சி மட்டும் வருது. எதிர்க்கட்சிக்காரன் என்ன சொன்னான்னு கேட்டா, அவன் சொன்னதைச் சொல்றதில்லை, அவனைத் திட்டினதைச் சொல்றான். டவுன்லயும் இப்படித்தான்னு மகன் சொல்றான். ஒரே ஆபீஸ்ல பக்கத்துப் பக்கத்து நாற்காலியில இருக்கிறவனுக்கு அடுத்தவன் ஏன் அப்படி நினைக்கிறான்னு தெரியலையாம்.

2017 பிப்ரவரியில பக்கத்து நெடுவாசல்ல ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து உட்கார்ந்தப்போ நாங்களும் போயிருந்தோம். பந்தல்ல பேசுறவங்க எல்லாரும் ஆவேசமாப் பேசினாங்க. எனக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், பேசிட்டு இறங்கின பையனைக் கூப்பிட்டு, “தம்பி, அவங்க இது நல்லதுன்னு எதை வச்சுச் சொல்றாங்க? அதை அவங்க சொல்ற மாதிரியே எனக்குச் சொல்லு. நாளைக்கு ஆபீசர் வந்து கேட்டா நான் முழிக்கக் கூடாதுல்ல”ன்னார். பையன் திணறிட்டான். ரெண்டு நாள் கழிச்சு ஒரு நோட்டோட வந்து அவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கிட்டு இருந்தான். அப்ப எனக்குப் பரபக்கம்னு ஒரு வார்த்தை இருக்கிறதே தெரியாது. அந்தப் பெரியவருக்கும் தெரிஞ்சிருக்காது.

இப்ப அந்தக் கடைசி விசயம்.

எனக்கு ஒரு தம்பி. அப்பா இருந்தப்பவே நிலத்தைப் பாகம் பிரிச்சாச்சு. கிழக்குப் பக்கம் எனக்கு, பழைய கிணத்தோட மேற்குப் பக்கம் அவனுக்கு. நடுவுல ஒரு வரப்பு. 2009ல நான் கடன் வாங்கி போர் போட்டேன். வரப்பு ஓரத்துலதான். ரெண்டு வருசத்துல அவன் கிணறு வத்திப்போச்சு. “அண்ணன் என் தண்ணியை உறிஞ்சிட்டாரு”ன்னு ஊரெல்லாம் சொன்னான். “இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் கிணத்துல தண்ணி இருக்கு, என் போரைச் சொல்றான்”னு நான் சொன்னேன். பேச்சு நின்னுச்சு. அவன் மகளுக்குக் காது குத்தினப்ப நான் போகலை. என் மகன் வேலைக்குச் சேர்ந்தப்ப அவன் வரலை. கஜா புயல் வந்த அன்னைக்கு, 2018 நவம்பர் 16 விடியக்காலையில, என் தென்னையில முப்பத்தோரு மரம் விழுந்துச்சு. பாதி அவன் நிலத்துல. அவன் மரம் என் நிலத்துல. விடிஞ்சதும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு அரிவாளோட நின்னோம். நாலஞ்சு நாள் பக்கத்துப் பக்கத்துல நின்னு மரம் வெட்டினோம். ஒரு வார்த்தை பேசிக்கலை. நினைச்சா இப்பவும் வெக்கமா இருக்கு.

நீலகேசியில அந்த இடத்தைப் படிச்சப்ப எனக்குத் தோணினது இதுதான்: என் தம்பி பக்கத்தை நான் ஒரு தடவையாவது அவன் சொல்ற மாதிரி சொல்லியிருக்கேனா? நான் செத்துப் போய் என் பேச்சு மட்டும் மிஞ்சினா, அதுல அவன் நியாயம் ஒரு வரியாவது இருக்குமா? பழைய கணக்கு நோட்டை எடுத்து, மேல “பரபக்கம்”னு எழுதிட்டு, அவன் கட்சியை எழுத ஆரம்பிச்சேன். என் மறுப்பு ஒண்ணும் கூடாதுன்னு வச்சுக்கிட்டேன். நினைச்சதை விடக் கஷ்டம்ங்க. ரெண்டு வரி எழுதுறதுக்குள்ள கை தானா “ஆனா”ன்னு எழுதிடும். அடிச்சுட்டு மறுபடி எழுதணும். மூணு ராத்திரி ஆச்சு.

கிணறு அப்பா காலத்துது. மூத்தவன் கைக்கு முதல்ல பணம் புரண்டுச்சு, அவன் போர் போட்டான், இளையவனுக்கு அந்த வசதி இல்லை. போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கலை. இப்படி எழுதிக்கிட்டே வந்து, “போரை வேற இடத்துல போட்டிருக்கலாம்”னு எழுதினேன். அங்க கை நின்னுடுச்சு.

நீரோட்டம் பார்க்க வந்தவர், உள்ளங்கையில தேங்காயை வச்சுக்கிட்டு நடந்து, ரெண்டு இடத்தைக் காட்டினார். ஒண்ணு வரப்பு ஓரம், தம்பி கிணத்துலேருந்து நாப்பதடி. இன்னொண்ணு கீழ்க்கடைசியில பனைமரத்துக்கிட்ட. அங்கயும் தண்ணி இருக்கு, ஆனா நூறு நூத்தம்பது அடி கூடப் போகணும்னார். அடிக்கு இவ்வளவுன்னு போர் வண்டிக்குக் காசு. நான் வரப்பு ஓரத்தைக் காட்டிட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. வீட்டுக்காரிக்கும் தெரியாது. பொய் சொன்னேன்னு இல்லை, காலப்போக்குல எனக்கே மறந்து போயிருந்துச்சு. என் பக்கத்தை மட்டும் பத்து வருசமாப் பேசினதுல, அந்த ரெண்டாவது இடம் என் நினைப்புலேருந்தே காணாமப் போயிடுச்சு. அவன் பக்கத்தை எழுதினப்பத்தான் திரும்பி வந்துச்சு.

தேங்காய் வச்சுத் தண்ணி பார்க்கிறது எவ்வளவு உண்மைன்னு கேக்கலாம். இங்க அது கேள்வி இல்லை. நான் அதை நம்பித்தான் இடம் எடுத்தேன்.

ஒரு வாரம் யோசிச்சேன். ஒரு நாள் சாயங்காலம் அவன் களத்துல வைக்கோல் உதறிக்கிட்டு இருந்தப்ப வரப்பைத் தாண்டிப் போனேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, நின்ன நிலையிலேயே ரெண்டு இடம் காட்டின கதையைச் சொன்னேன். அவன் உதறுறதை நிறுத்தலை. சொல்லி முடிச்சதும், “தெரியும்ண்ணே”ன்னான். “போர் வண்டிக்காரன் அன்னைக்கே சொல்லிட்டான். நீ எப்பச் சொல்லுவேன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

பத்து வருசத்துக்கு மேல என் எதிராளி என் ரகசியத்தை யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்திருக்கான். ஊரெல்லாம் என்னைத் திட்டினவன் அதை மட்டும் சொல்லலை. ஏன்னு நான் கேக்கலை.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. கிணறு ஊறலை. மூணு நாளைக்கு ஒரு முறை என் போர்லேருந்து அவன் தோட்டத்துக்கு ஓஸ் போட்டுத் தண்ணி விடுறதுன்னு பேசியிருக்கோம். மோட்டார் ரிப்பேர் ஆனா யார் எவ்வளவு கொடுக்கிறதுன்னு போன மாசம்கூட ஒரு சத்தம் வந்துச்சு. அவன் சம்சாரம் என் வீட்டுக்காரியோட இன்னும் அளந்துதான் பேசுது. நோட்டை அவன்கிட்ட கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ரெண்டு பக்கம் படிச்சுட்டு, “இதுல பாதி நான் நினைக்கவே இல்லையே, என்னை விட நீ நல்லா வாதாடியிருக்கே”ன்னு சிரிச்சான். உன் நோட்டுல என் பக்கத்தை எழுதுறியான்னு கேட்டேன். “அதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்லை”ன்னுட்டான்.

மகனுக்கு இதைத்தான் சொல்ல நினைச்சேன். போன் சொன்ன பத்து வரியில முடிவு இருந்துச்சு, எதிராளி இல்லை. முடிவு எனக்கு வேண்டியதே இல்லை, அது ஏற்கெனவே என்கிட்ட இருந்துச்சு. அடுத்தவன் பேசுற முன்னூறு பாட்டை, அவசரப்படாம, “ஆனா”ன்னு குறுக்கே பாயாம, வரி வரியாத் தாண்டி வர்ற பழக்கம்தான் என்கிட்ட இல்லாம இருந்துச்சு. அதைச் சுருக்கிக் கொடுக்க முடியாது. உழவைச் சுருக்கிக் கொடுக்க முடியுமா, அது மாதிரி.

படிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். மூலத்தை மட்டும் வாங்காதீங்க, உரையோட வாங்குங்க. நான் இன்னும் உரை இல்லாம ஒரு பாட்டும் தாண்ட மாட்டேன். மணிமேகலையில ஆரம்பிங்க, கதை இருக்கு. வஞ்சி நகரத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைச்சுக்கங்க. ஒரு நாளைக்கு அஞ்சாறு வரி போதும். கைவல்ய நவநீதம் குருவும் சீடனும் பேசிக்கிற மாதிரி போகும். ரெண்டாவது பாகம் முழுக்கச் சீடனோட சந்தேகம்தான், நமக்கு வர்ற சந்தேகம் பாதி அதுல இருக்கும். சித்தியார் மூணாவதா வரட்டும். மதுரைத் திட்டத்துல இந்த நூல்களோட மூலம் காசில்லாமக் கிடைக்குது, போன்லயே படிக்கலாம். புதுக்கோட்டைப் பக்கம் வந்தா திருக்கோகர்ணத்துல ஞானாலயா இருக்கு. கிருஷ்ணமூர்த்தி ஐயாவும் டோரதி அம்மாவும் சொந்தச் சம்பளத்துல சேர்த்து உண்டாக்கின நூலகம், லட்சத்துக்கு மேல புத்தகம். நான் முதல் தடவை போனப்ப, செருப்பைக் கழட்டிட்டு உள்ளே போய், எதைக் கேக்குறதுன்னு தெரியாம அலமாரியையே அரைமணி நேரம் பார்த்துட்டு வந்தேன்.

இன்னும் எழுதலாம். ஆனா இன்னைக்குத் தம்பி முறை. த்ரீ பேஸ் கரண்டு வந்துடுச்சு போல, அந்தப் பக்கம் டார்ச் லைட் ஆடுது. ஓஸை மாட்டிட்டுக் கூப்பிடுறான். மோட்டார் போடப் போறேன்.